இருபத்து மூன்றாவது பள்ளம்

“மோசமான ரோடுன்னு எழுதியிருக்கீகளே, எப்பேர்ப்பட்ட மோசம்க்கா?”

மனுவை வாங்கிப் பார்த்த பாண்டீஸ்வரன் இப்படிக் கேட்டதும் தெரசாளுக்குச் சுருக்கென்றது. பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்று, அது வராமல் போய், திருச்சுழி ரோட்டு முக்கு வரை மூன்று கிலோமீட்டர் நடந்து, வேறு பஸ் பிடித்து டவுனுக்கு வந்து நீட்டிய மனு அது. வியர்வையில் ஓரமெல்லாம் நனைந்திருந்தது.

“மோசம்னா மோசம்தான் தம்பி. அதுல என்ன நல்ல மோசம், கெட்ட மோசம்?”

ஊர்க்காரர்கள் ரோட்டு ஆபீஸ் என்று சொல்லும் அந்தக் கட்டடத்தில் மனு வாங்குகிற வேலை பாண்டீஸ்வரனுக்கு. மேசைக்கடியில் கிடந்த காகிதக் கட்டு ஒன்றைக் காலால் இழுத்துக் காட்டினான்.

“இம்புட்டும் மோசமான ரோடுதான்க்கா. எல்லா ஊர்க்காரவுகளும் இந்த ஒத்த வார்த்தையத்தான் எழுதுறாக. வாசிச்சா எங்க சாருக்குக் கொட்டாவி வருது. கண்ண மூடுனா உங்க ரோடு தெரியணும். அப்படி எழுதிக் கொண்டாங்க.”

“கொண்டாந்தா ரோடு போடுவீகளா?”

“எழுதுங்க, பாப்போம்.”

“எழுதுறேன். நான் எழுதுற எழுத்துல உங்க சாரு தடுக்கி விழுகணும்,” என்று சொல்லிவிட்டு மனுவைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

உடைமரத்துப்பட்டி ரோட்டை ரோடு என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். காலை ஏழே முக்கால் டவுன் பஸ் அதில் வாரத்துக்கு மூன்று நாள் வரும், மற்ற நாள் வராது. எந்த மூன்று நாள் என்பது டிரைவருக்கும் கடவுளுக்கும் மட்டும் தெரியும். தெரசாளின் மகள் ஷெரின் அந்த பஸ்ஸில் ஏறித்தான் அருப்புக்கோட்டைக் கல்லூரியில் கணிதம் படிக்கப் போகிறாள். வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதம் இல்லையென்றால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். பிள்ளை அறுபத்தெட்டில் நின்றாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், நூல் மில்லுக்குப் பெண்பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போகிற வேன் மட்டும் ஒரு நாள் தவறாமல் அதே ரோட்டில் வந்து போனது. அந்த டிரைவருக்கு எந்தப் பள்ளமும் கண்ணில் படாது. தெரசாளின் வீட்டுக்காரர் சாலமோன் அந்த வேனைப் பார்க்கும்போதெல்லாம் ஒரு பெருமூச்சு விடுவார்.

“வாற வண்டியில ஏறாம வராத வண்டிக்கு நின்னா எப்படி? பிள்ளைய மில்லுக்கே விட்ரலாம் தெரசா.”

“நான் ஏறுன வேன்ல என் மக ஏற மாட்டா.”

பதினாறு வயதில் அந்த வேனில் ஏறி ஒன்பது வருஷம் பஞ்சுத் தூசியைத் தின்றவள் தெரசாள். அதற்குமேல் சாலமோன் வாயைத் திறக்கமாட்டார். ஆனால் பெருமூச்சை நிறுத்தவும் மாட்டார்.

வீட்டுக்கு வந்தவள் தையல் மிஷினில் பாதியில் நின்ற ரவிக்கையை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டு, மிஷின் பலகையிலேயே தாளை விரித்தாள். யோசித்துப் பார்த்தால் பாண்டீஸ்வரன் கேட்டது அவளுக்குத் தெரியாத சங்கதி இல்லை. ‘நல்ல ரவிக்கையா தச்சுக் குடு’ என்று துணியைப் போட்டுவிட்டுப் போகிறவர்களை நிறுத்தி, இறுக்கமானதா, தொளதொளப்பானதா, இறங்கின கழுத்தா, ஏறின கழுத்தா என்று குடைந்தெடுக்கிறவள்தானே அவள்? நல்ல ரவிக்கை என்று உலகத்தில் ஒன்று கிடையாது. அப்படியானால் மோசமான ரோடு என்றும் ஒன்று கிடையாது.

“ஷெரினு, அந்த ரோட்டுல நடந்தா உனக்கு என்ன செய்யுது?”

“கல்லு குத்துது.”

“எப்படிப்பட்ட கல்லு?”

“கூரான கல்லு.” ஷெரின் கொஞ்சம் யோசித்தாள். “இல்லம்மா, துருத்திக்கிட்டு நிக்கிற கல்லு. கூரா இருந்தாலும் மண்ணுக்குள்ள கெடந்தா அது பாட்டுக்குக் கெடக்குமே.”

“அப்படிச் சொல்லு என் ராசாத்தி,” என்று தெரசாள் ‘மோசமான’ என்ற சொல்லை நாலு தடவை அடித்தாள்.

இரண்டாவது மனு இப்படி அமைந்தது: ‘துருத்தி நிற்கும் கூரான கற்களும், வாய் பிளந்த குழிகளும் கொண்ட எங்கள் எலும்பொடிக்கும் சாலையில்…’ பாண்டீஸ்வரன் அதைச் சத்தமாக வாசித்தான். பீரோவுக்குப் பின்னாலிருந்து இரண்டு பேர் தலையை நீட்டிக் கேட்டார்கள்.

“இதுதான்க்கா மனு,” என்றான் அவன்.

பலன் பத்தே நாளில் கிடைத்தது. இரண்டு டிராக்டர் வந்து, துருத்தி நிற்கும் கூரான கற்களின் மேல் லோடு லோடாகக் கரிசல் மண்ணைக் கொட்டிவிட்டுப் போயின. கல் மறைந்தது. ஊரே தெரசாளைப் பாராட்டியது. மறுவாரம் ஐப்பசி மழை, ஒரே ஒரு நாள்தான், பெய்தது. பஸ் வந்தது, பாதி வழியில் அச்சு வரைக்கும் புதைந்தது. பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ளி, சகதி அபிஷேகம் வாங்கிக்கொண்டு வீடு திரும்பினார்கள். மறுநாளிலிருந்து பஸ் முக்கோடு நின்றுவிட்டது. மில் வேன் மட்டும் காட்டுக்குள் இறங்கி, சங்கையாவின் உளுந்தங்காட்டு வரப்பை உரசிக்கொண்டு வந்து சேர்ந்தது.

சங்கையா ஊரில் நிலபுலன் உள்ளவர், எதிர்வீட்டுக்காரர். வாசலில் நின்றபடியே கேட்டார்.

“ஏத்தா தெரசா, கல்லு இருந்தப்பவாச்சும் மூணு நாளு பஸ்ஸு வந்துச்சு. நீ பேசாம இருந்திருக்கலாமில்ல?”

“பேசாம இருந்துதான அண்ணாச்சி இருவது வருசம் போச்சு.”

“அதுக்காக?”

“அதுக்காக இன்னும் நல்லா எழுதப் போறேன்.”

மூன்றாவது மனு எழுத அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு முக்கு வரை ஒருமுறை நடந்து போய்விட்டு வந்தாள். நடந்து பார்க்காமல் சொல் எப்படி வரும்? ‘வழுக்கும் சாலை’ என்று முதலில் எழுதினாள். வழுக்கினால் விழுந்து எழுந்து போய்விடலாம், இது அப்படி இல்லையே என்று அடித்தாள். ‘ஒட்டும் சாலை’ என்று எழுதினாள். சப்பென்றிருந்தது. கடைசியில் ‘பிடித்த காலை விடாத, செருப்பை விழுங்கி ஏப்பம் விடும், பிசினான கறுப்புச் சகதி’ என்று வந்தபோது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. இந்தத் தடவை மனுவை ஏமாறாமல் வேறு நாலு ஆபீசுக்கும் நகல் எடுத்து அனுப்பினாள்.

இரண்டு வாரத்தில் ரோட்டு ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. ‘தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது. நீர் தேங்கும் இடங்களின் நிறம், மணம், தன்மை ஆகியவற்றைச் சற்று விரிவாகத் தெரிவிக்கவும்.’

அரசாங்கம் தெரசாளுக்கு எழுதிய முதல் கடிதம் அது. மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகி வைத்தாள்.

“மணமெல்லாம் எதுக்கும்மா கேக்காக?” என்றாள் ஷெரின்.

“பெரிய ஆபீசுன்னா தோண்டித் துருவித்தான் கேப்பாக. நீ படி.”

நாலாவது மனுவில் அவள் கொஞ்சம் அளவு மீறிப் போய்விட்டாள் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷம். ‘அகன்ற, ஆழமான, பாசி படர்ந்த, பச்சை நிறமான, தவளைகள் குடும்பம் நடத்தும், கொக்குகள் ஒற்றைக்காலில் நிற்கும்…’ என்று போய்க்கொண்டே இருந்தது. உண்மையில் வந்தது ஒரு கொக்கு. அதுவும் வழி தவறி வந்தது.

இதற்கும் நகல் போயிருந்த ஆபீஸ் ஒன்றிலிருந்து ஆட்கள் சங்கிலியோடு வந்து அளந்தார்கள். எழுதிக்கொண்டு போனார்கள். அடுத்த வாரம் சங்கையா வீட்டுச் சுற்றுச்சுவரிலும் தெரசாள் வீட்டுக் கதவிலும் இன்னும் பதினோரு வீடுகளிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். நீர்நிலைக்குள் கட்டப்பட்டுள்ள தங்கள் கட்டடத்தை ஏன் அகற்றக்கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டுமாம்.

சங்கையா நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு நடுத்தெருவில் நின்றார்.

“நம்ம கம்மாயி எட்டு வருசமா காஞ்சு கெடக்கு. அதுல கிரிக்கெட்டு வெளாடுறாக. அத ஒருத்தனும் நீர்நிலைன்னு வந்து பாக்கல. ரோட்டுல குளத்த வெட்டிப்புட்டியே தெரசா, பேனாவாலயே வெட்டிப்புட்டியே.”

“அழிச்சு எழுதுனாப் போச்சு அண்ணாச்சி.”

“இன்னும் எழுதப் போறியா?”

“பின்ன, எழுதாம விட்ருவேனாக்கும்?”

சாலமோன் அன்று சோறு தின்னும்போது ஒன்றுக்கு இரண்டாகப் பெருமூச்சு விட்டார்.

ஐந்தாவது மனு அவசரத்தில் பிறந்தது. அதற்குள் மழைக்காலமும் ஓய்ந்து வெயில் அடிக்கத் தொடங்கியிருந்தது. ‘வறண்ட, வெடித்த, புழுதி பறக்கும், ஒரு சொட்டு ஈரமும் இல்லாத கட்டாந்தரையான சாலை’ என்று எழுதி எல்லா ஆபீசுக்கும் அனுப்பினாள். நீர்நிலை நோட்டீஸ் ரத்தாகிவிட்டது. ஊர் மூச்சு விட்டது. ஆனால் ரோட்டு ஆபீசிலிருந்து வந்த பதில் இது: ‘சாலை ஈரமின்றி உலர்ந்து கட்டாந்தரையாக இருப்பதாக மனுதாரரே தெரிவித்துள்ளதால் பேருந்து செல்லத் தடையில்லை எனத் தெரிகிறது. எனினும் புழுதியின் நிறம், கனம், பறக்கும் உயரம் குறித்து அறிய விரும்புகிறோம்.’

தெரசாள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தாள். பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கு ஷெரின் கல்லூரியிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் சொன்னாள். முக்கு வரை நடந்து பஸ் பிடித்துப் போனால் முதல் இரண்டு வகுப்பு போய்விடுகிறது. வருகைப்பதிவு இப்போது அறுபத்தொன்று.

“ஏப்ரல் முடியிறதுக்குள்ள ஏத்தலன்னா பரீட்ச எழுத முடியாதும்மா.”

சாலமோன் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தத் தடவை பெருமூச்சு வரவில்லை, பேச்சே வந்தது.

“பிள்ள கால் தேஞ்சது போதும். பிப்ரவரி ஒண்ணாந் தேதி வேன்காரன வரச் சொல்லிட்டேன்.”

“யாரக் கேட்டுச் சொன்னீக?”

“உன்னக் கேட்டா நீ எழுதிக்கிட்டே இருப்ப.”

“ஆமா, எழுதிக்கிட்டேதான் இருப்பேன். அவன் வரட்டும். வாசல்ல வந்து நின்னு ஆரன் அடிக்கட்டும். அவன் வண்டிக்கும் நாலு அடைமொழி வச்சு அனுப்புறேன்.”

ஷெரின் சிரித்துவிட்டாள். சாலமோன் சிரிக்கவில்லை. தெரசாளும் சிரிக்கவில்லை. அவளுக்கு உள்ளுக்குள் பயம் பிடித்திருந்தது. தேதி சொல்லிவிட்டால் சாலமோன் பின்வாங்குகிற ஆள் இல்லை.

மறுநாள் காலையில் அவள் கழுத்தில் தையல் டேப்பைப் போட்டுக்கொண்டு ரோட்டில் இறங்கினாள். இனி கொக்கும் வேண்டாம், தவளையும் வேண்டாம். ரவிக்கைக்கு அளவெடுக்கிற மாதிரி ஒவ்வொரு பள்ளமாகக் குந்தி உட்கார்ந்து, வாய் எவ்வளவு, வயிறு எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று அளந்தாள். ஆடு மேய்க்கப் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

“என்ன தெரசாக்கா, ரோட்டுக்கு ரவிக்க தைக்கப் போறீகளா?”

“ஆமா. மானம் போயிக் கெடக்குல்ல, மூட வேண்டாமா?”

நாற்பத்தொரு பள்ளம், ஒன்பது பக்கம். ‘முதலாவது: வாய் குறுகிய, வயிறு பெருத்த, ஒன்பது அங்குல ஆழமுள்ள பள்ளம். ஏழாவது: சாய்வான, ஒடுங்கிய, சைக்கிள் சக்கரத்தை மட்டும் குறிவைக்கும் பள்ளம். பன்னிரண்டாவது: விளிம்பில்லாத, மழமழப்பான, இருப்பதே தெரியாத பள்ளம், என் கணவரின் முன்பல் இதில்தான் போனது.’ இப்படியே ஒன்றைப்போல் ஒன்று இல்லாமல் எழுதினாள். சங்கையா பழைய கோபத்தை மறந்து எட்டிப் பார்த்தார்.

“என் வீட்டு முன்னால இருக்கறத வெறும் பள்ளம்னு எழுதிராத. பதினேழு அங்குலம். அதுக்குத் தக்கன நல்ல சொல்லாப் போடு.”

“‘படுபாதாளமான’ன்னு போட்டிருக்கேன் அண்ணாச்சி.”

“அது,” என்றார் சங்கையா திருப்தியாக.

ஜனவரி இருபத்தெட்டாம் தேதி பதில் வந்தது. வாசலில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். தெரசாள் உறையைக் கிழித்து வாசித்தாள்.

‘தங்கள் மனு கிடைத்து மகிழ்ச்சி. இருபத்து மூன்றாவது பள்ளம் பற்றிய விவரம் மற்ற பள்ளங்களோடு ஒப்பிடக் குறைவாக உள்ளது. அதனை மட்டும் விரிவாக எழுதி அனுப்பவும்.’



“இருவத்து மூணாவதுக்கு என்னம்மா எழுதுன?” என்று ஷெரின் மெதுவாகக் கேட்டாள்.

“‘சுமாரான பள்ளம்’னு எழுதுனேன்.” தெரசாள் விரல்களை நீவிவிட்டாள். “கை வலிச்சுச்சுடி.”

பிறகு அவளுக்கு வந்த கோபம் இருக்கிறதே, அதற்கு அடைமொழி கிடையாது. விறுவிறுவென்று வீட்டுக்குள் போனாள். மாதா படத்துக்குப் பக்கத்தில் செருகியிருந்த கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். தாளை எடுத்து நாலே நாலு வரி எழுதினாள். சேலையைக்கூட மாற்றாமல் முக்குக்கு நடந்தாள்.

பாண்டீஸ்வரன் அவளைத் தூரத்தில் கண்டதுமே எழுந்துவிட்டான். பீரோவுக்குப் பின்னாலிருந்தவர்களும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

“வாங்கக்கா. இருவத்து மூணாவது பள்ளமா?”

தெரசாள் தாளை மேசையில் வைத்தாள். அதில் இருந்தது இவ்வளவுதான்:

‘ரோடு இல்லை. பஸ் இல்லை. என் மகள் நடக்கிறாள். இனி எழுத மாட்டேன்.’

பாண்டீஸ்வரன் வாசித்தான். தாளைத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் வெறுமையாக இருந்தது.

“இம்புட்டுத்தானாக்கா?”

“இம்புட்டுத்தான்.”

“ஒரு அடைமொழி கூட இல்லையே.”

“எல்லாம் தீந்துபோச்சு. உங்களுக்குத் தேடிப் பொறுக்கி எழுதி எழுதி என் பிள்ளைக்கு நாளுதான் போச்சு. அவ மில்லுக்குப் போக மாட்டா. நாளையிலருந்து நானே அவளோட முக்கு வரைக்கும் நடக்கேன். விடியக் கிளம்புனா முதல் வகுப்புக்கு நிக்கலாம். உங்க ரோட்டுக்காக ஒத்தச் சொல்லு இனி என் கையிலருந்து வராது. உங்க சாருகிட்டச் சொல்லிருங்க.”

சொன்னபடியே செய்தாள். தினமும் விடியலில் தாயும் மகளும் நடந்தார்கள். பிப்ரவரி ஒன்றாம் தேதி மில் வேன் வந்து வாசலில் ஆரன் அடித்தபோது வீட்டில் சாலமோன் மட்டும்தான் இருந்தார். அவரை ஏற்றிக்கொண்டு போக டிரைவருக்கு உத்தரவில்லை.

நாலாம் தேதி காலை நடந்து போகும்போது எதிரே மண் அள்ளும் இயந்திரம் ஒன்று வந்தது. அதற்குப் பின்னால் ஜல்லி லோடு. அதற்குப் பின்னால் ரோடு ரோலர். தெரசாளும் ஷெரினும் ஓரமாக ஒதுங்கி நின்று வழிவிட்டார்கள்.

எட்டே நாளில் தார் ரோடு போட்டு முடித்துவிட்டார்கள். ஒன்பதாம் நாள் ஏழே முக்கால் பஸ் ஊருக்குள் வந்து, சங்கையா வீட்டுப் படுபாதாளம் இருந்த இடத்தில் அலுங்காமல் நின்றது. ஷெரின் ஏறினாள். இனி ஒரு நாளும் விடாமல் போனால் எழுபத்தைந்தைத் தொட்டுவிடலாம் என்று அவள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். சாலமோன் பஸ் போவதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார், ஆனால் இது வேறு பெருமூச்சு.

ரோடு முடிந்ததைப் படம் எடுத்துக்கொண்டு போக ஆபீசிலிருந்து பாண்டீஸ்வரன் வந்திருந்தான். ஊரே தெரசாளைச் சுற்றி நின்றது. சங்கையாவே ஒரு துண்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். தெரசாளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் பேச்சில் குறை வைக்கவில்லை.

“ஆறு மனுவுல சொல்லு சொல்லாத் தேடி அடுக்குனேன், ஒரு கல்லு அசையல. எல்லாத்தையும் உருவிப் போட்டுட்டு நாலு வரி எழுதுனேன், ரோடு வந்துருச்சு. இனிமே யாரு மனு எழுதுனாலும் மொட்டையா எழுதுங்க. அலங்காரம் பண்ணுனா ஆபீசுல ஒருத்தன் மண்டையிலயும் ஏறாது.”

கூட்டம் ஆமாம் போட்டது. பாண்டீஸ்வரன் மட்டும் வாடின முகத்தோடு நின்றான்.

“தெருவிளக்கெல்லாம் ஒழுங்கா எரியுதாக்கா?” என்று கேட்டான்.

“எரியுது. ஏன்?”

“தண்ணிக் குழாயி?”

“வருது. என்ன தம்பி, முகத்த இப்படித் தொங்கப் போட்டுக்கிட்டு?”

பாண்டீஸ்வரன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சொன்னான்:

“ரோட்டுக்கு உங்க மூணாவது மனுவுலயே உத்தரவு வந்துருச்சுக்கா, போட்டுட்டா நீங்க எழுதுறத நிறுத்திருவீகளேன்னுதான் ஆபீசுல நாங்க எல்லாருமாச் சேந்து ஃபைல அமுக்கி வச்சிருந்தோம், இப்ப நீங்களே நிறுத்திட்டீக, இனி அத வச்சிருந்து நாங்க என்ன செய்ய?”